இசப்கோல் உமியும் ஒரு தம்ளர் தண்ணீரும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் எனக்கு வயது 58. சர்க்கரை நோய்க்குக் காலையிலும் இரவிலும் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். பல வருட மலச்சிக்கலுக்காக, இரண்டு வாரமாகப் படுக்கப்போகும் நேரத்தில் இரண்டு மேசைக்கரண்டி இசப்கோல் (சைலியம்) விதையின் உமியைக் கொஞ்சம் தயிரில் குழைத்து விழுங்குகிறேன். வயிறு உப்பி, மலம் இன்னும் இறுகிவிட்டது. உமி சர்க்கரையையும் குறைக்குமாமே, மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம், அம்மா. அளவுக்கு மிஞ்சிய உமியைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கியதே உங்கள் தொல்லைக்குக் காரணமாகத் தோன்றுகிறது.

ஒரு தேக்கரண்டி உமியைக் கால் தம்ளர் தண்ணீரில் கலக்கிச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். கரண்டியில் அள்ளினால் வழுக்கி விழும் கொழகொழத்த கூழாக மாறியிருக்கும். குடலுக்குள்ளும் அப்படித்தான் அது நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. கழிச்சல் கண்டவர்களுக்கோ, மிகுந்த நீரை உறிஞ்சி மலத்தைக் கட்டுவதும் இதே உமிதான். போதிய தண்ணீர் கிடைக்காவிட்டால் உருண்டையாகித் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், விழுங்கச் சிரமப்படுபவர்களும் குடல் சுருக்கம் உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது.

இப்போதைக்கு நிறுத்திவிட்டு, வயிறு சீரானபின் ஒரே ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். 250 மில்லி தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன்பே குடித்து, மேலும் ஒரு தம்ளர் தண்ணீர் அருந்துங்கள். மற்ற மருந்துகள் உடலில் சேர்வதை உமி தடுக்கக்கூடும் என்பதால் இரண்டுக்கும் இடையே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உங்களுக்கு மதிய உணவுக்குச் சற்று முந்திய நேரம் பொருந்தும். குடித்த உடனே படுக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, தேவையானால் மட்டும் அளவைக் கூட்டலாம்.

சர்க்கரையைப் பற்றிக் கேள்விப்பட்டதில் உண்மை உண்டு. அந்தக் கூழ் உணவிலுள்ள மாவுச்சத்து உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துவதால், சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது. பித்த அமிலங்களையும் பிடித்து வெளியேற்றுவதால் கெட்ட கொழுப்பு ஓரளவு குறைகிறது. இதயநலம் குறித்த இந்தப் பயனைப் பொருளின் உறையில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல் அனுமதித்தது. ஆனாலும் இது மருந்துக்குத் துணை மட்டுமே; கால் ரொட்டி பன்னி சௌ (குடைந்த வெள்ளை ரொட்டிக்குள் கறி நிரப்பியது) சாப்பிட்டுவிட்டு உமியால் ஈடுகட்ட முடியாது. வாரத்தில் சில நாள் வெள்ளை ரொட்டியைக் குறைத்து, நம் வீடுகளில் வழக்கமாகச் சமைக்கும் சுகர் பீன்ஸ் (புள்ளிபோட்ட உலர்ந்த பீன்ஸ் வகை) கறியையும் கீரையையும் கூட்டிக்கொள்வது உமியைவிட எனக்கு உகந்ததாகப் படுகிறது.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, அண்மையில் திடீரென மாறிய மலப்பழக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், உமியை மறுபடி தொடங்குமுன் மருத்துவரிடம் சென்று குடலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வந்து, வாயுவும் பிரியாமல் நின்றுவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.