வலஞ்சுழியா, இடஞ்சுழியா: முதலில் எந்தப் பக்கமிருந்து பார்த்தீர்கள்?

நுண்ணோக்கியில் நீந்தும் நுண்துகள்களையும் நுண்ணுயிர்களையும் பார்ப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஒரு பாதியில் மட்டும் பிளாட்டினம் பூசிய சிலிக்கா கோளங்கள் (ஜேனஸ் துகள்கள்), ஹைட்ரஜன் பெராக்சைடில் தாமே நீந்துபவை, அடிக்கண்ணாடியை விட்டு எழவே மாட்டேன் என்கின்றன. கோளாறா?

இல்லை. சிலிக்கா தண்ணீரைப்போல் இரண்டு மடங்கு கனம், மூழ்கத்தான் செய்யும். கண்ணாடியை நெருங்கியதும் வேதிப்பொருள் தேங்குவதும் நீரோட்டமும் சேர்ந்து துகளின் திசையைப் பூட்டிவிடும். பாதி கறுப்பு, பாதி வெளிச்சமாகத் தெரிந்தால் பூட்டிக்கொண்டது என்று பொருள்.

கேள்வி: அதே துகள்களின் வேகம் எனக்கு விநாடிக்கு 8 மைக்ரான், தோழிக்கு 5. யார் சொல்வது சரி?

பெராக்சைடு எத்தனை சதவீதம்? கண்ணாடியிலிருந்து எவ்வளவு உயரம்? இரண்டையும் எழுதாமல் தீர்ப்பு மட்டும் கேட்டால் எப்படி? துகளின் ஓர் ஆரம் அளவு இடைவெளியில், சுவருக்கு (இங்கே கண்ணாடிக்கு) இணையாக நகரும் கோளத்தைத் திரவம் பின்னிழுக்கும் விசை சுமார் 40 சதவீதம் கூடும். பத்து ஆரம் தள்ளிப்போனால் 5, 6 சதவீதம்தான். அதற்காக வேகமும் அதே கணக்கில் குறையும் என்று நினைக்காதீர்கள், உந்துதலும் சுவரருகே மாறும். உயரத்தை எழுதுங்கள்.

கேள்வி: கண்ணாடியருகே ஈ. கோலி பாக்டீரியா வலஞ்சுழியாகச் சுற்றும் என்று படித்தேன். என்னுடையவை இடஞ்சுழி. வேறு இனமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. இனத்தைச் சந்தேகிக்குமுன் நுண்ணோக்கியைச் சந்தேகியுங்கள்! நீந்த உதவும் வால் போன்ற கசையிழைகளின் கற்றை ஒரு பக்கம் சுழல, உடல் எதிர்ப்பக்கம் சுழல்கிறது. சுவரை ஒட்டிய பக்கத்தில் உராய்வு அதிகம் என்பதால் தலை வலப்பக்கமும் வால் இடப்பக்கமும் தள்ளப்படும், பாதை வட்டமாகும். வலஞ்சுழி என்பது திரவத்தின் பக்கமிருந்து சுவரைப் பார்த்தால். தலைகீழ் நுண்ணோக்கியில் அடிக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதே வட்டம் இடஞ்சுழி. போதாததற்குக் கேமராவுக்கு முன்னால் பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்று இருந்து படத்தைப் புரட்டியிருக்கலாம். கவர்ஸ்லிப்பில் ‘அ’ என்று எழுதித் திரையில் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ‘புதிய நடத்தை’ என்று அறிக்கை எழுதியவர்களை எனக்குத் தெரியும். அப்புறம், நீங்கள் பார்த்தது சுத்தமான காற்று–நீர் பரப்பு என்றால் திசை உண்மையிலேயே மாறும். அங்கே உராய்வு குறைவு. சுவரா, காற்றா? அதையும் எழுதவில்லை.

கேள்வி: சுவரோரம் கூட்டம் சேர்வது புதுக் கண்டுபிடிப்பா?

காளை விந்தணுக்கள் கண்ணாடியோரம் மொய்ப்பதை உயிரியலாளர் ரோத்சைல்டு 1963இலேயே எழுதிவிட்டார்.

கேள்வி: கிளமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பாசியும் அப்படித்தானா?

இல்லை. முன்னால் வீசும் கசையிழைகள் சுவரில் பட்டதும் திரும்பிப் போய்விடும்.

கேள்வி: சுவரின் தொல்லையே வேண்டாம் என்றால்?

உயரமான அறை எடுத்து நடுவில் ஃபோகஸ் செய்யுங்கள். 20 மைக்ரான் இடைவெளியில் ‘நடு’ என்று எதுவும் கிடையாது. எதுவானாலும் உயரத்தை எழுதுங்கள்.