கேள்வி – பதில்: அல்சூர் ஏரித் தீவு எவ்வளவு தூரம்?

கேள்வி: பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில், தீவிலுள்ள ஒரு மரத்துக்கு நேரெதிரே முளை அடித்து, அங்கிருந்து கரையோரமாக 40 மீட்டர் நடந்து பார்த்தபோது, முளைக்கும் மரத்துக்கும் இடையிலான கோணம் 68° இருந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சைன் மதிப்பால் பெருக்கி, முளையிலிருந்து மரம் 37 மீட்டர் தூரம் என்கிறாள். கண்ணுக்கு அதைவிட அதிகமாகத் தெரிகிறதே?
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: உங்கள் கண் சொல்வதே சரி. சைன் மதிப்பால் பெருக்க வேண்டுமானால் கர்ணத்தின் நீளம் கையில் இருக்க வேண்டும்; நீங்கள் அளந்ததோ கோணத்தை அடுத்துள்ள பக்கம், தேடுவது எதிர்ப்பக்கம். அவ்விரண்டையும் இணைப்பது டேன்ஜெண்ட். டேன் 68° என்பது 2.475, அதை 40 ஆல் பெருக்கினால் 99 மீட்டர். கோணம் 45° எனில் இரு பக்கங்களும் சமம், அதைத் தாண்டினால் எதிர்ப்பக்கமே பெரிது என்பதை நினைவில் வைத்திருந்தால், 37 என்ற விடையைக் கண்டதுமே மகளுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

ஆனால் 99 மீட்டரையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். கோணமானியில் ஒரு பாகை பிசகி 69° என்று படித்திருந்தால் விடை 104 மீட்டராகிவிடும். அதே மரத்துக்கு 100 மீட்டர் நடந்து அளந்தால், கோணம் 45°-ஐ ஒட்டி வரும். ஒரு பாகைப் பிசகு சுமார் மூன்றரை மீட்டர் பிழையோடு நின்றுவிடும். அளந்து நடக்கும் பக்கம் நீளமாக இருப்பது அவ்வளவு முக்கியம்: இந்தியாவை முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன், 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள ஆதாரக் கோட்டை (நேரடியாக அளக்கும் முதல் பக்கத்தை) சங்கிலி போட்டு அளந்துவிட்டுத்தான் முக்கோணங்களைத் தொடங்கினார். 1804-இல் பெங்களூரிலும் ஒரு கோடு அளக்கப்பட்டது. (லாம்ப்டனுடையவை செங்கோண முக்கோணங்கள் அல்ல; அங்கே சைன் விதிக்குத்தான் வேலை.)

முளையருகே செங்கோணம் சரியாக விழுந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. மூலைமட்டம் இல்லாவிட்டாலும் கொத்தனார்கள் பார்க்கும் 3, 4, 5 கணக்கு போதும். நீர்ப்பக்கம் டேப் பிடிக்க முடியாதாகையால், முளைக்குப் பின்னால் கரைமேல் 4 மீட்டரில், மரமும் முளையும் ஒரே கோட்டில் தெரியும்படி ஒரு குச்சியை நடுங்கள். கரையோரமாக 3 மீட்டரில் இன்னொன்றை நடுங்கள். குச்சிகளுக்கிடையே 5 மீட்டர் இருந்தால் செங்கோணம் சரி. இல்லையென்றால், நடக்கும் திசையைத் திருத்திக்கொண்டு மறுபடி அளந்து பாருங்கள்.