வீட்டிலிருந்து வரும் புராஜெக்ட்

அன்புள்ள ஐயா,

மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். இந்த ஆண்டு எல்லாப் பாடத்தையும் புராஜெக்ட் வழியாகவே நடத்தச் சொல்லிவிட்டார்கள். ‘நீர்’ என்று தலைப்புக் கொடுத்தேன். வந்தவை எல்லாம் கண்ணைப் பறிக்கும் மாதிரிகள். முக்கால்வாசி அம்மா, அப்பாவின் கைவேலை. சரி, வகுப்பிலேயே குழுவாகச் செய்யட்டும் என்று விட்டால், ஒரு பிள்ளை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறது, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பாடமும் பின்தங்கிவிட்டது. எட்டு வயதுக்கு இதெல்லாம் சரிப்படுமா? பழையபடியே நடத்தினால் என்ன?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பழையபடி நடத்துவதில் குற்றமே இல்லை. ‘எல்லாப் பாடத்தையும்’ என்ற உத்தரவுதான் அதிகப்படி. வாய்பாட்டுக்கும் எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கும் புராஜெக்ட் எதற்கு? அவற்றுக்குத் தினப்பயிற்சி போதும்.

‘நீர்’ என்று கொடுத்தீர்கள் அல்லவா, சிக்கல் அங்கேதான் தொடங்கியது. தலைப்பைக் கையில் கொடுத்தால் அதைப் பற்றி எதையாவது வெட்டி ஒட்டி எடுத்துவரத்தான் பிள்ளைக்குத் தோன்றும். ஒட்டுகிற வேலையை அப்பா இன்னும் நேர்த்தியாகச் செய்வார். தலைப்புக்குப் பதில் கேள்வி ஒன்றை வையுங்கள். அதுவும் பள்ளிக்கூடத்துக்குள் மட்டுமே விடை கிடைக்கிற கேள்வியாக இருக்கட்டும். ‘விளையாட்டு மைதானத்தில் ஒரு பெஞ்ச் போடுவதென்றால், இடைவேளையில் நிழல் இருக்கும் இடம் எது?’ இதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, மைதானம் இங்கேதானே இருக்கிறது.

காலையில் மரநிழலின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். இடைவேளையில் போய்ப் பார்த்தால் நிழல் கோட்டை விட்டு வெளியே வந்திருக்கும். மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, நிழல் மட்டும் எப்படி நகர்ந்தது என்று அங்கேயே வாக்குவாதம் தொடங்கும். உடனே விடை சொல்லிவிடாதீர்கள், மத்தியானம்வரை விட்டுவையுங்கள். அடுத்து அளக்கும் வேலை. இரண்டு குழுக்கள் ஒரே நிழலை அளந்து இரண்டு எண்களோடு வரும். ஒரு குழு ஸ்கேலில் பூஜ்யத்தை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும். இன்னொரு குழு ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி வைக்கும்போது நடுநடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கும். இப்போது எல்லோரையும் உள்ளே கூட்டிவந்து, கரும்பலகையில் அளவெடுக்கும் பாடத்தை நேராக நடத்துங்கள். அன்றைக்கு அந்தப் பாடம் யாருக்கும் சலிக்காது. யாருடைய எண் சரி என்று தெரிந்தாக வேண்டுமே!

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புராஜெக்ட் என்றாலே ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-இல் ‘புராஜெக்ட் முறை’ பற்றிக் கட்டுரை எழுதியபோது, பிள்ளை மனமொன்றி, ஒரு நோக்கத்தோடு செய்யும் வேலையைத்தான் நடுவில் வைத்தார். ஆசிரியர் ஒதுங்கி நிற்பதே முற்போக்கு என்ற எண்ணத்தை அவருடைய குருவான ஜான் டூயியே 1938-இல் கண்டித்துவிட்டார். 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் எழுதியதும் இதை ஒட்டித்தான்: ஒரு விஷயத்துக்குப் புதிதானவரை வழிகாட்டாமல் விட்டால், ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்க வேண்டியது அதிகமாகிக் கற்பது குறைகிறது. எட்டு வயதுப் பிள்ளை ஏறக்குறைய எல்லாவற்றுக்குமே புதிது.

‘இந்த வயதுக்குச் சரிப்படுமா’ என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க பதில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிடைத்தது. 20 பள்ளிகளில் 48 இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரைச் சமூக அறிவியலைப் புராஜெக்ட் வழியாக நடத்தச் சொன்னார்கள். ஆய்வாளர் நெல் டியூக்கும் உடனிருந்தவர்களும் 2021-இல் வெளியிட்ட முடிவின்படி, சமூக அறிவியலிலும் தகவல் நூல்களை வாசிப்பதிலும் அந்தப் பிள்ளைகள் முந்தினார்கள். எழுத்திலும் ஆர்வத்திலும் வித்தியாசம் தென்படவில்லை. (புராஜெக்டால் ஆர்வம் பொங்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை வாசிப்பதில்லை.) புராஜெக்டுக்கென்று எழுதித் தந்த திட்டத்தை நெருக்கமாக ஒட்டி நடத்திய ஆசிரியர்களின் வகுப்பில் எழுத்தும் ஆர்வமும்கூடக் கூடுதலாக வளர்ந்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதாவது அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் திட்டம் எழுதித் தந்திருந்தார்கள். உங்களுக்குக் கிடைத்தது உத்தரவு மட்டும்.

குழுவில் ஒரே பிள்ளை எல்லாவற்றையும் செய்வது அதன் பேராசை அல்ல. ஒரு சார்ட், ஒரு ஸ்கெட்ச் பேனா, நான்கு பிள்ளைகள் என்றால் மூன்று பேர் வேடிக்கைதான் பார்க்க முடியும். அளவை ஒவ்வொருவரும் தங்கள் நோட்டில் எழுதட்டும், நிழல் எங்கே விழுகிறது என்ற படமும் தனித்தனியாக வரையட்டும். பெஞ்ச் எங்கே என்று முடிவெடுக்க மட்டும் குழு கூடினால் போதும்.

படம் ஒரே தடவையில் முடியக் கூடாது. அமெரிக்க ஆசிரியர் ரான் பெர்கர் ஒரு பட்டாம்பூச்சிப் படத்தின் கதையைச் சொல்வார். முதல் வகுப்புச் சிறுவன் வரைந்தது. முதலில் சாதாரணக் கிறுக்கல். வகுப்புத் தோழர்கள் முதலில் இறக்கையின் வடிவத்தை மட்டும் பார்த்து எங்கே மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள், பிறகு உள்ளே இருக்கும் கோலத்தைப் பார்த்துச் சொன்னார்கள். ஆறாவது படம் அறிவியல் நூலில் வைக்கத் தக்கதாக வந்தது. ‘நல்லா இல்ல’ என்று சொல்ல மட்டும் அனுமதி கிடையாது. எந்த இடம், என்ன மாற்றம் என்று சொல்ல வேண்டும். முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை வகுப்பிலேயே பிறந்தால் அம்மா, அப்பா கை நுழைய இடமே இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு பருவத்துக்கு ஒரு புராஜெக்ட், இரண்டு மூன்று வாரம் என்று நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள். அளத்தல், திசைகள், கடிதம் எழுதுதல் மூன்றும் எப்படியும் பாடத்தில் இருப்பவைதான். அவற்றைப் பெஞ்ச் வேலைக்குள் நடத்திவிட்டுத் திரும்ப ஒருமுறை நடத்தாதீர்கள், நேரம் அங்கேதான் வீணாகிறது. பெஞ்சை எங்கே போடலாம் என்று பிள்ளைகள் எழுதும் கடிதம் தலைமையாசிரியருக்குப் போகட்டும். அவர் பதில் எழுதுவாரா என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ‘முடியாது’ என்று காரணத்தோடு எழுதினாலும் சரிதான்.

மதிப்பெண்ணைச் சார்ட்டுக்குப் போடாதீர்கள். கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு ஸ்கேலைக் கொடுத்து, இதுவரை அளக்காத ஒரு கம்பத்தின் நிழலைத் தனியாக அளந்து, அது சாயங்காலம் எந்தப் பக்கம் விழும் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். யார் வேடிக்கை பார்த்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.