நான்காம் நிலைப் புற்றுநோய்: நோயாளியின் மனசு பற்றிக் கேள்வி பதில்

கே: அப்பாவுக்கு நுரையீரல் புற்று, எலும்புக்குப் பரவிடுச்சு. கீமோ நடக்குது. இப்ப பாலியேட்டிவ் பிரிவுக்கும் போகச் சொல்றாங்க. கைவிட்டுட்டாங்களா?

ப: இல்லை. அது வலியையும் மனவேதனையையும் தணிக்கிற பிரிவு. கீமோ ஓடும்போதே அங்கேயும் போக வேண்டும். பரவிய நுரையீரல் புற்று உள்ள 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. தொடக்கத்திலேயே அந்தக் கவனிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது.

கே: அம்மா சுவரையே பார்த்துப் படுத்திருக்காங்க. கேட்டா "ஒண்ணுமில்ல"ங்கிறாங்க.

ப: முதலில் உடம்பைப் பாருங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை எண் கேட்டு, காலையும் மாலையும் நோட்டில் குறியுங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை மாலையில் கொடுத்தால் தூக்கம் கெடும். காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று மந்தமாகிப் பேச்சுக் குழறினால் அது மனச்சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். கால்சியம் ஏறியிருக்கலாம், சோடியம் இறங்கியிருக்கலாம், கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரம் இப்படியே நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். மார்பகப் புற்றுக்கான தமாக்சிஃபென் சாப்பிடுகிறவர் என்றால் மறக்காமல் சொல்லுங்கள். பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் அதன் பலனைக் குறைக்கக்கூடும்.

கே: மார்பின் கொடுத்தா அடிமையாயிடுவாரா?

ப: வலிக்கு, சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். மார்பினால் மலச்சிக்கல் வரும், அதனால் மலமிளக்கியை முதல் நாளே சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கே: மூலிகை லேகியம்?

ப: என் துறை இல்லை. பாட்டிலைக் கீமோ டாக்டரிடம் காட்டாமல் ஒரு ஸ்பூன்கூட வேண்டாம்.

கே: மாமாகிட்ட நோய் முத்தினதைச் சொல்லலை. சொன்னா உடைஞ்சிடுவார்.

ப: வீட்டில் குசுகுசுவென்று பேசுவதை அவர் கவனிக்காமலா இருப்பார்? நீங்களாகப் போட்டு உடைக்கவும் வேண்டாம். "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது மாமா? இன்னும் தெரிஞ்சுக்கணுமா, நாங்க பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள்.

கே: அதெல்லாம் மேல்நாட்டுக்குச் சரிங்க. நம்ம வீட்ல நம்பிக்கைதான் மருந்து.

ப: நம்பிக்கையை நானும் விடச் சொல்லவில்லை. "நீங்களே பாத்துக்குங்க" என்று அவர் சொன்னால் அது அவர் உரிமை. தெரிந்துகொள்ளக் கேட்டால் மறைக்காதீர்கள். பேத்தி காதுகுத்துக்குப் போய் உட்கார வேண்டும் என்பார். அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்: கீமோ தேதியைத் தள்ள முடியுமா என்று இப்போதே கேளுங்கள். கிளம்ப அரை மணிக்கு முன், திடீர் வலிக்கு எழுதிக்கொடுத்த மார்பினைக் கொடுங்கள். சாய்வு நாற்காலி போடுங்கள், ஒரு மணி நேரத்தில் திரும்ப வண்டி வாசலில் நிற்கட்டும்.

கே: தைரியமா இருங்கன்னு சொல்லலாமா?

ப: வேண்டாம். அதற்குப் பிறகு அவர் உங்கள் முன்னால் அழவே மாட்டார்.

கே: போய்ச் சேர்ந்தா போதும்கிறார்.

ப: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டிவையுங்கள், டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவிலும் எடுக்கும்.