வீங்கிய காலோடு தண்ணீரில் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. கருப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வருடமாக இடது கால் வீங்கியே இருக்கிறது; நிணநீர் வீக்கம் என்றார்கள். அழுத்தக் காலுறை அணிகிறேன். கொஞ்சம் நடந்தாலே கால் கல்லாகக் கனக்கிறது. நீச்சல் குளத்தில் பயிற்சி செய்தால் வீக்கம் வடியும் என்கிறார் தோழி. செய்யலாமா?

பதில்: காலில் புண்ணோ தொற்றோ இல்லை என்றால் தாராளமாகச் செய்யலாம் அம்மா. நடக்கவே சிரமப்படும் உங்களுக்கு இதை நான் விரும்பியே சொல்வேன்.

புற்றுநோய் அறுவை சிகிச்சையில் நிணநீர்க் கணுக்களை (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளை) எடுத்த பிறகு காலிலிருந்து மேலே ஏற வேண்டிய நீருக்கு வழி குறைந்துவிடுகிறது. அதை ஏற்றிவிட வெளியிலிருந்து அழுத்தம் வேண்டும், உள்ளே தசை அசைய வேண்டும். தண்ணீரில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு 30 செ.மீ. ஆழத்துக்கும் சுமார் 22 மி.மீ. பாதரச அளவு (ரத்த அழுத்தத்தைச் சொல்லும் அதே அலகு) அழுத்தம் கூடும். 120 செ.மீ. ஆழத்தில் நின்றால் பாதத்தில் 90க்குப் பக்கம், முழங்காலில் அதைவிடக் குறைவு, தொடையில் இன்னும் குறைவு. உங்கள் காலுறையும் இதே கணக்கில்தான் செய்யப்பட்டிருக்கிறது: கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. காலுறை மடிந்தால் தோலை வெட்டும், தண்ணீர் வெட்டாது. மார்பளவு நீரில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் காலில் இறங்கும் என்பதால் அந்தக் கனமும் தெரியாது.

படுத்து நீந்தினால் கால் நீர்மட்டத்துக்கு வந்து அழுத்தம் போய்விடும். அதனால் நின்றபடியே செய்யுங்கள். முதலில் வயிறு விரிய ஆழ்ந்த மூச்சு. அப்புறம் இடுப்பு, முழங்கால், கடைசியில் கணுக்கால் என்று மெதுவாக அசையுங்கள். மேலே வழி விட்டால்தானே கீழே இருப்பது ஏறும்? தண்ணீர் 32, 33 டிகிரி செல்சியஸில் இருந்தால் போதும். சூடான தொட்டி வேண்டாம், வெப்பம் வீக்கத்தைக் கூட்டும். முதல் சில நாள் நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் உடனிருக்கட்டும்.

வீக்கம் நிரந்தரமாக வடியுமா என்றால், அந்த நம்பிக்கையை நான் தர மாட்டேன். பயிற்சி முடிந்ததும் கால் லேசாக இருக்கும், சுற்றளவும் குறையலாம். ஆனால் தரையில் செய்யும் பயிற்சியைவிட இது வீக்கத்தை நிலையாகக் குறைக்கிறது என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை.

பலரும் கோட்டைவிடுவது குளத்தை விட்டு ஏறும்போதுதான். படியேறிய நொடியில் அத்தனை அழுத்தமும் போய்விடும். அங்கேயே ஈர உடையில் நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். நல்ல தண்ணீரில் குளோரினைக் கழுவி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஒற்றித் துடைத்து, உடனே காலுறையை மாட்டுங்கள். ஈரக்காலில் காலுறை ஏறவே ஏறாது. இழுத்தால் தோல்தான் கிழியும். க்ரீம் இரவில் போடலாம். நல்ல காலுறையோடு குளத்தில் இறங்காதீர்கள், குளோரின் அதன் மீள்தன்மையைக் கெடுத்துவிடும்.

விரலிடுக்கில் சேற்றுப்புண், தோலில் நீர்க்கசிவு, காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த கட்டி, இதயச் செயலிழப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கழுத்தளவு நீரில் சுமார் 700 மி.லி. ரத்தம் மார்புப் பக்கம் ஏறும். பலவீனமான இதயம் அதைத் தாங்காது. கால் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது தோல் தொற்று, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இறங்குவதற்கு முன், ஏறிய பின், மறுநாள் காலை என்று மூன்று தடவை டேப்பால் ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் காலை அளவு கூடியிருந்தால் அடுத்த முறை நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.