கடலோரத்தில் ஏசி இல்லாத பழைய ஓட்டு வீட்டைக் குழந்தைகளோடு விடுமுறைக்கு எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். "வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "இதே காசுக்கு ரிசார்ட்டே கிடைக்குமே, வேர்த்து விறுவிறுத்து எதற்கு அங்கே போய்க் கிடக்க வேண்டும்?" எங்களிடமும் இதையேதான் கேட்டார்கள். போய்விட்டு வந்த பிறகும் கேட்டார்கள்.

2023 மே மாதம், தரங்கம்பாடி. நான், கணவர், பதினொன்றும் ஏழும் வயதில் இரண்டு பெண்கள், என் அப்பா. சென்னையிலிருந்து மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் பஸ். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. திண்ணை, நடுவில் கூடம், நாலு மரத்தூண், பின்பக்கம் கிணறு. ஃபேன் உண்டு, ஏசியும் டிவியும் கிடையாது. வாசலில் நின்றால் படகுகளும் அவற்றுக்குப் பின்னால் கடலும் தெரியும். 1991-இல் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் வந்த பிறகு கரையோரத்தில் நினைத்தபடி புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. அதனால் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வேண்டுமென்றால் பெரும்பாலும் இப்படிப் பழைய வீடுதான் அமையும்.

முதல் நாள் கஷ்டம்தான், மறைக்கவில்லை. பதினொரு மணிக்குக் கூடம் கொதித்தது. நான் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன், இன்னும் மோசமானது. சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கார அம்மா (எழுபது வயதிருக்கும், பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்) வந்து பார்த்துவிட்டு மேற்குப் பக்கக் கதவையும் ஜன்னலையும் படபடவென்று சாத்தினார். ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தது. அதன் வழியாக விழுந்த வெயில், தரையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு சதுரமாகக் கிடந்தது. அதைக் காட்டி, "இந்த வெளிச்சம் அந்தத் தூணைத் தொட்டதும் கடல்காத்து எழும்பிடும்மா. அதுவரைக்கும் மேக்கால கதவைத் தொறக்காதீங்க" என்றார்.

மே மாதத்தில் காலையில் அடிப்பது மேற்கே தரையிலிருந்து வரும் அனல் காற்று. நண்பகலை ஒட்டித்தான் அது அடங்கிக் கடல்காற்று உள்ளே வரும். இதை நான் பள்ளிக்கூடத்தில் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் எந்தக் கதவை எப்போது திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் இரண்டு பேரும் அந்தச் சதுரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சின்னவள் கோலப்பொடி வாங்கி வந்து, சதுரம் நகர நகர அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டம் கட்டமாகத் தூணை நோக்கிப் போயிற்று. வெளிச்சம் தூணின் அடிக்கல்லில் ஏறியது. சிறிது நேரத்தில் திண்ணையில் காயப்போட்ட துண்டு உள்பக்கமாக அசைந்தது. "தாத்தா, வந்துடுச்சு!" என்று அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. முன்கதவு, பின்கதவு இரண்டையும் திறந்துவிட்டோம். அதற்கப்புறம் நாலு நாளும் அந்தக் கோலப்பொடிதான் எங்களுக்குக் கடிகாரம்.

மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் கரையை ஒட்டிப் போய் விடியலில் திரும்பும். பெரியவளை அழைத்துக்கொண்டு போய்ப் படகடியிலேயே கிழங்கான் மீன் வாங்கினோம். வீட்டுக்கார அம்மா மாங்காய் போட்டுக் குழம்பு வைத்துத் தந்தார். அப்பா மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனார். 1306-இல் பாண்டியர் காலத்தில் எழுந்த கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீதி இருக்கும் சுவரோரம் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தார்.

ராத்திரி அப்பா திண்ணையில் பாய் போட்டுப் படுத்தார். என் அம்மா இறந்த பிறகு மூன்று வருடமாக மாத்திரை இல்லாமல் தூங்காதவர் காலை ஏழு மணி வரை தூங்கினார். கடல்காற்று மருந்து என்று நான் சொல்ல வரவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நம்ம வீட்டுக் கண்ணாடி ஓட்டை என்னம்மா பண்ணினான்?" பாபநாசம் பக்கம் எங்கள் ஊர் வீட்டிலும் இரண்டு கண்ணாடி ஓடு இருந்தது. என் தம்பி அந்த வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் போட்டான். அப்பாவிடம் கையெழுத்து மட்டும் வாங்கினான், என்னிடம் அதுவும் இல்லை. இடித்த பிறகு வாட்ஸப்பில் போட்டோ வந்தது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாயிற்று. நான் பங்கு கேட்கவில்லை. இடிக்கப் போகிறேன் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போய் அந்த இரண்டு ஓட்டையாவது எடுத்து வந்திருப்பேன். தரங்கம்பாடிக்குப் போனதைக் கஞ்சத்தனம் என்று குடும்பத்தில் முதலில் பேசியதும் அவன் வீட்டில்தான். நாங்கள் கொடுத்த வாடகை ஒன்றும் குறைவில்லை. சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

"குழந்தைகளை வேகவைத்துவிட்டுப் பெருமை பேசுகிறாள்" என்று யாராவது எழுதக்கூடும். கைக்குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ளவர்களோ இருந்தால் நானே மே மாதத்தில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், புயல் மழை. கடலில் கணுக்காலுக்கு மேல் குழந்தைகளை இறக்காதீர்கள். அலை திரும்பும்போது காலடி மணலை அப்படியே இழுக்கும். கரையில் கொட்டியிருக்கும் பாறைகளில் பாசி, ஏறவிடாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் அங்கே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடலோரக் கிணற்றில் இறைக்க இறைக்க உப்பு ஏறும், குடிக்க கேன் வாங்கிவிடுங்கள். டார்ச், கொசுவலை இரண்டும் கட்டாயம். தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருப்பிடித்து மக்கர் செய்யும், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

முன்பணம் கொடுக்குமுன் கழிவறையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், கடல்காற்று எத்தனை மணிக்கு வரும் என்று வீட்டுக்காரரிடம் போனில் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் சொன்னால் அந்த வீட்டில் வாழ்ந்தவர்தான். நம்பிப் பணம் அனுப்புங்கள்.