பழைய டேப்பும் சினிமாப் பாட்டும்

வணக்கம் ஐயா,

அப்பா 1990களில் எடுத்த வீடியோ டேப்புகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. விஎச்எஸ் கொஞ்சம், மற்றதெல்லாம் கையடக்கமான வீடியோ8. கெடாவில் நாங்கள் இருந்த தோட்டம், பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசம், கேஎல் (கோலாலம்பூர்) போய்வந்தது எல்லாம் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. அம்மாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு இவற்றை வெட்டி ஒட்டி, இரைச்சலை எடுத்துவிட்டு, சினிமாப் பாட்டுப் போட்டு, ஏஐ வைத்துத் தெளிவாக்கி, மண்டபத்தில் அரை மணி நேரம் ஓட்டலாம் என்கிறான் தம்பி. எதிலிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி, பட்டர்வொர்த்

வணக்கம்.

தம்பி இரைச்சல் என்கிறாரே, அதைத்தான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேமரா அப்பா கையில் இருந்ததென்றால் படத்தில் அவர் அதிகம் இருக்கமாட்டார். "இங்க பாரு", "அம்மாவக் கூப்பிடு" என்று மைக்குக்குப் பக்கத்திலேயே அவர் குரல்தான் இருக்கும், அதன்மேல் பாட்டை ஏற்றினால் அம்மாவுக்கு அவர் இல்லாத வீடியோதான் கிடைக்கும். பாட்டே கூடாது என்றில்லை. கார் ஜன்னல் வழியாக எடுத்த நீளமான காட்சிகளில், யாரும் பேசாத இடங்களில் போடுங்கள், பேச்சு வந்ததும் இறக்கிவிடுங்கள்.

ஆனால் எடிட்டிங் பிறகுதான். முதலில் எல்லா டேப்பையும் முழுசாக, ஒரு நொடிகூட வெட்டாமல் கணினிக்கு மாற்றுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். டேப் கூட்டின் சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது தெரியும். அதைப் பிளேயரில் போடவே போடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டைக் கெடுத்து அடுத்துப் போடும் டேப்புக்கும் ஒட்டிக்கொள்ளும், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் தனியாகக் கொடுங்கள். மற்றவற்றில் ஓரமாக இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள் (வீடியோ8இல் நகர்த்தினால் போதும்), கை தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் அழியாது. விஎச்எஸ் பிளேயர் பழையதுதான் கிடைக்கும், கடைசிவரை அதைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016இல் நிறுத்திவிட்டது.

கடையில் கொடுப்பதென்றால் இரண்டைக் கறாராகச் சொல்லுங்கள். நம் நாட்டில் அப்போதிருந்த பிஏஎல் என்ற டிவி முறையில் ஒரு நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் பாதிப் பாதியாக, அதாவது 50 பாதிகள். அவற்றைச் சரியாகப் பிரித்து நொடிக்கு 50 படமாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் கை வீசும்போது ஓரங்கள் சீப்புப் பல் மாதிரித் தெரியும், அல்லது காவடி ஆட்டம் வெட்டி வெட்டி ஓடும். அப்புறம் அகலத்திரைக்காக இழுக்கக் கூடாது, பழைய டிவியின் 4:3 அளவு அப்படியே இருக்கட்டும், இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஏஐ விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். இந்த டேப்புகளில் தூரத்தில் நிற்கும் முகத்துக்கு இருப்பது சில புள்ளிகள்தான், மிச்சத்தை அது ஊகித்து வரைகிறது, பாட்டியைப் பளபளவென்று வேறு யாரோ ஒரு கிழவியாக்கிவிடும். நிறத்தைச் சரிசெய்யட்டும், அதோடு போதும்.

மூலையில் தெரியும் தேதியையும் நம்பாதீர்கள், பலர் கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்ததே இல்லை. படத்துக்குள் பாருங்கள். கேஎல் காட்சியில் இரட்டைக் கோபுரம் பாதி எழும்பி நின்றால் 1995ஐ ஒட்டியது. பத்துமலையில் பெரிய முருகன் சிலை நின்றால் அது 2006க்குப் பிறகு, அப்படியென்றால் அந்த டேப் அப்பா எடுத்ததுதானா என்றும் பாருங்கள்.

வெட்டும்போது தரையையும் செருப்பையும் காட்டும் இடங்கள் போகட்டும் (நிறுத்த மறந்திருப்பார்). தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களைக் கேமரா மெதுவாகக் காட்டிக்கொண்டே போகும் காட்சி இருந்தால் அதில் கைவைக்க வேண்டாம். தோட்டத்தை விட்டு ஊர் ஊராகப் போனவர்களில் பலருக்கு அவர்களின் வேறு அசையும் படம் எங்கேயும் இருக்காது. பிறந்தநாளுக்கு முன்பே வெட்டாத வீடியோவை அம்மாவுக்கும் அத்தைமார்களுக்கும் போட்டுக்காட்டி, பக்கத்தில் கைப்பேசியில் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். யார் பெயர், எந்த வீடு, யார் யாருக்கு என்ன முறை, எல்லாம் தானாக வரும், சண்டையும் வரும். பாட்டைவிட அது நல்ல பின்னணி.

அரை மணி நேரம் மண்டபத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், பத்து நிமிடம் போதும், மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் போட்டு ஆளுக்கொன்றாக அண்ணன் தம்பிகளிடம் கொடுங்கள். மண்டபத்து ஸ்பீக்கரை மட்டும் முதல்நாளே சோதித்துவிடுங்கள், பழைய டேப்பில் பேச்சு மெல்லிசாகக் கேட்கும், பக்கத்திலேயே பந்தி நடந்துகொண்டிருக்கும்.